நானூறு பேரும் நலம்

பகல் இரண்டு மணி. நான்கு மணிக்கு ஒரு மனிதரின் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் போகிறார்கள். போடப் போகிறவர்களின் அலுவலகமாவது அதற்காகக் கொஞ்சம் பரபரப்பாக இருக்கும் என்று நினைத்து மாடி ஏறினேன். மின்விசிறிக்கு நேர் கீழே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முறை மாறுவதற்காகக் காத்திருந்தார் போலிருக்கிறது.

'பொதுப் பாதுகாப்பு முகமை, குற்றவாளிகள் பதிவேட்டுப் பிரிவு' என்றது பலகை.

"பொதுப் பாதுகாப்பு இவங்க கையிலன்னா, வீட்டுல ரெண்டு தாழ்ப்பாளா போட்டுக்கணும்," என்றேன்.

"வாயை மூடிட்டு வாண்ணே," என்றாள் என் தங்கை.

அவள்தான் துப்பறியும் நிபுணர். நான் உதவியாளன். என்னைவிட ஆறு வயது சின்னவள். நான் தலையில் குட்டிக் குட்டி வளர்த்தவள், இப்போது மாதம் முதல் தேதி எனக்குச் சம்பளம் போடுகிறாள். இப்படி ஒரு நிலைமையில் இருக்கிற அண்ணனுக்கு உலகத்தில் யார்மேலும் பெரிதாக மரியாதை மிஞ்சாது. இந்தக் கதை முழுக்க நீங்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களோடு வந்திருந்தது பூட்டுக்காரர் மனைவி. அவர் கணவர் பூட்டு ரிப்பேர் பார்த்து, சாவி செய்து பிழைக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன் புது வீட்டுக்குக் குடிவந்தார். மூன்று மாதத்துக்கு முன் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்தால், 'உங்கள் பெயர் வீடு புகுந்து திருடியவர்கள் பதிவேட்டில் இருக்கிறது' என்று பதில் வந்தது. திருடன் என்று பெயர் வாங்கிய பிறகு எவன் தன் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பான்? கடை மூடிக் கிடக்கிறது. மனிதர் அவமானத்தில் தெருவில் கால் வைப்பதில்லை. இன்று நான்கு மணிக்கு மேல்மாடியில் உரிம வாரியம் கூடி உரிமத்தை ஒரேயடியாக ரத்து செய்யப் போகிறது. அதற்குள் அவர் திருடன் இல்லை என்று நாங்கள் காட்ட வேண்டும்.

கவுண்டரில் இருந்த குமாஸ்தாவின் பத்து விரலிலும் பசை காய்ந்திருந்தது. அலுவலகமே அவரை 'கோந்து' என்றுதான் கூப்பிட்டது. அட்டைகளில் படம் ஒட்டுவது அவர் வேலை.

"பதிவானவங்க அட்டையை வெளியாளுக்குக் காட்டக் கூடாது மேடம்."

"வாரியம் குடுத்த அனுமதிக் கடிதம் இருக்கு சார்," என்று தங்கை நீட்டினாள்.

கோந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை எதுவும் கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தோடு எழுந்துபோய் ஒரு நீளமான இழுப்பறையையே உருவிக்கொண்டு வந்து வைத்தார். அட்டைகளைப் பெயர்வாரியாக அடுக்கவில்லை, தெருவாரியாக அடுக்கியிருந்தார்கள். ரோந்து போகும் காவலருக்கு அதுதான் வசதியாம். தண்டனை முடிந்து வந்தவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே போய்ப் பார்த்து, அட்டையில் குறிக்க வேண்டும். அதன் கீழே அதிகாரி கையெழுத்துப் போடுவார்.

பூட்டுக்காரரின் அட்டையைத் தங்கை என்னிடம் தள்ளினாள். "படிண்ணே."

"உயரம் ஆறடி. அடிச்சிட்டு அஞ்சடி அஞ்சு. வயசு அறுபத்தெட்டு. அடிச்சிட்டு முப்பத்திநாலு. பேரும் அடிச்சு எழுதினதுதான். திருட்டு நடந்தது இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி. ஆளில்லாத வீட்டுல இரும்புப் பெட்டியை உடைச்சிருக்காரு."

"அவருக்கு இப்போ முப்பத்தாறு. கழிச்சுப் பாரு."

"ஒம்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழட்டி வெச்சிட்டு, இரும்புப் பெட்டியை உடைச்சிட்டு, வீட்டுப்பாடம் எழுத உக்காந்திருப்பாரு."

"வயசானா மனுஷன் உயரம் குறையத்தானே சார் செய்யும்?" என்றார் கோந்து.

"வயசும் சேந்து குறைஞ்சிருக்கே சார். அந்த மருந்தை எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

கோந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது பின்னாலேயே அதிகாரி வந்தார். அந்த ஆளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கதவுப் பலகையில்கூடப் பதவியும் ஐந்து பட்டங்களும்தான் இருந்தன. எல்லாருக்கும் அவர் 'ஐயா'. அறைக்குள்ளே வரிசையாகக் கேடயங்கள். 'பிழையற்ற பதிவேடு' என்று வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது.

அட்டையை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார் ஐயா. "ஆமா, தப்புதான்," என்றார்.

பூட்டுக்காரர் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடவே போய்விட்டார்.

ஐயா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய அந்த ஆண்டை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே பத்து வருடத்துக்கு முந்தைய ஆண்டை எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"இப்போ கணக்கு சரியாச்சு. அப்போ இவனுக்கு இருபத்தாறு வயசு. திருடுற வயசுதான்."

 

"ஐயா, ஆளே வேறங்க," என்றார் அந்தம்மா. "என் புருஷன் ஒரு குண்டூசி கூட எடுத்தது கிடையாது."

"எல்லாத் திருடன் பொண்டாட்டியும் இதைத்தாம்மா சொல்லுவா. அட்டையில பிழை இருந்தா அட்டையைத் திருத்துவோம். ஆள் தப்புன்னா மனு குடுங்க. தொண்ணூறு நாள்ல விசாரிப்போம்."

"நாலு மணிக்கு உரிமத்தைப் பிடுங்கிடுவாங்களே?"

"அது வாரியத்தோட வேலை. என் வேலை பதிவேடு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்கு முத்திரை குத்திக் கொடுக்க ஒரு அலுவலகமே இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மணி இரண்டே முக்கால். அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை எதுவுமே நடக்காதது மாதிரி இழுப்பறையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினாள். நடுநடுவே சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. வருடவாரியாக ஒன்பது வரி எழுதியிருந்தார்கள். 'மொத்தம் 400. இறப்பு 0. நீக்கம் 0.' ஒன்பது வரியும் ஒரே மாதிரி.

"சார், இவங்கல்லாம் எந்த வயசுக்காரங்க?" என்று கோந்துவிடம் கேட்டாள்.

"முக்கால்வாசி கிழவனுங்கதான் மேடம். இப்போல்லாம் யாரு சுவரேறிக் குதிக்கிறா? எல்லாம் போன்லயே திருடிடுறானுங்களே."

"நானூறு பேரு. முக்கால்வாசி கிழவனுங்க. ஒம்பது வருஷத்துல ஒருத்தர் கூடச் சாகல."

கோந்துவின் கை பசை டப்பாவுக்குள் அப்படியே நின்றது.

"இவங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறாங்கன்னு கேளும்மா," என்றேன். "நம்ம அப்பாவையும் கூட்டிட்டுப் போகலாம்."

தங்கை சிரிக்கவில்லை. "சொல்லுங்க சார். ஆள் செத்துப்போனா இந்த அட்டையை என்ன பண்ணுவீங்க?"

கோந்து உள்ளறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானூறு அட்டை இருந்தாத்தான் மேடம் இது ஒரு பிரிவு. ஒண்ணு குறைஞ்சாலும் பக்கத்துப் பிரிவோட சேத்துடுவாங்க. என்னை எங்கயோ கண்காணாத ஊருக்கு மாத்திடுவாங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. ஐயாவுக்கும் பதவி இறங்கிடும்."

"அதனால?"

"அட்டையை மூடுறதில்ல. தண்ணிக் குழாய் இணைப்புப் பட்டியல் வருஷா வருஷம் வரும். அந்த வீட்டு நம்பர்ல இப்போ யார் பேரு இருக்கோ, அதைத் 'திருத்தம்'னு போட்டு ஏத்திடுவோம். படம் கிடைச்சா ஒட்டுவோம்."

"வீட்டுக்குப் போய் ஆளைப் பாக்க மாட்டீங்களா?"

"நானூறு வீட்டுக்கா?" கோந்து உண்மையிலேயே திடுக்கிட்டுப் போனார். "இந்த வெயில்லயா?"

ஆக, யாரோ ஒரு கிழட்டுத் திருடன் செத்துப்போனான். அவன் இருந்த வீட்டுக்கு ஒரு பூட்டுக்காரர் குடிவந்தார், குழாய் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றினார். செத்தவனுடைய பாவம் குழாயில் வந்து இவர் வாளியில் விழுந்துவிட்டது. உரிமத்துக்குக் கொடுத்த படத்தை எடுத்து இந்தப் பசைக்கை ஒட்டியும்விட்டது. எனக்கு அந்த டப்பாவை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"இதை எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்றாள் தங்கை.

"எதை மேடம்? நான் ஒண்ணும் சொல்லலையே." கோந்து மறுபடியும் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்.

மணி மூன்று பத்து. தங்கை கடைசி அட்டையை மூடிவிட்டுத் துண்டுத்தாளில் ஏதோ குறித்தாள். "முப்பத்தெட்டு பேருக்கு வயசு குறைஞ்சிருக்குண்ணே. இவரு மட்டும் இல்ல."

"முப்பத்தெட்டு பேரு இருக்காங்கன்னு சொன்னா, இவன் உடனே பேனாவை எடுத்து முப்பத்தெட்டையும் திருத்திடுவான்."

"தெரியும். திருத்த முடியாத ஒண்ணு வேணும்," என்று நெற்றியைத் தேய்த்தாள்.

அந்த நேரத்தில் மூச்சு வாங்க ஒருவன் மாடி ஏறி வந்தான். பார்சல் கொண்டுவருகிறவன். நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கவுண்டரில் சாய்த்து வைத்தான். "உங்க ஐயா வீடு பூட்டியிருக்கு சார். போன் பண்ணா, ஆபீஸ்ல குடுக்கச் சொன்னாரு."

"ஐயாவோட வீட்டுக்கு வாங்கின துடைப்பம் போலிருக்கு," என்று கோந்து தலையை நீட்டிப் பார்த்தார். "மேடம், கொஞ்சம் நகந்துக்குங்க."

தங்கை நகரவில்லை. பெட்டிமேல் ஒட்டியிருந்த விலாசத்தைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, உள்ளறைக் கதவைத் தட்டி, "உள்ள வரலாங்களாய்யா?" என்றாள்.

என் தங்கை ஒருவருக்கு இப்படி மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் அவருக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அனுபவத்தில் சொல்கிறேன். என்னை வேலைக்கு எடுத்த அன்று அவள் என்னை 'அண்ணா, நீங்க' என்று கூப்பிட்டாள்.

நானும் அந்தம்மாவும் பின்னாலேயே போனோம்.

"ஐயா, தெரியாம வந்து உங்க நேரத்தைக் கெடுத்துட்டோம்," என்றாள் தங்கை. "பதிவேட்டை முழுசாப் பாத்தேன். எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க!"

ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒம்பது கேடயம் சும்மா குடுப்பாங்களா?"

"வாரியத்துக்கு நீங்க ஒரு சான்று எழுதணும் இல்லீங்களா? பதிவேடு சரியா இருக்குன்னு. நாங்களே மேல கொண்டு போய்க் குடுத்துடுறோம். இழுத்தடிச்சு என்ன ஆகப் போகுது?"

அந்தம்மா என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "சார், உங்க தங்கச்சி யாரு பக்கம்?" என்றார் காதோடு. எனக்கே அதுதான் கேள்வி. காசு கொடுத்த கட்சிக்காரியின் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடுகிறாளே இவள்!

ஐயா முகமையின் தாளை உருவி உற்சாகமாக எழுத ஆரம்பித்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "இப்பதிவேட்டிலுள்ள நானூறு பதிவுகளும் என்னால் நேரில் கண்டு சரிபார்க்கப்பட்டவை. பிழை ஏதுமில்லை. இதில் பெயருள்ள எவரும் உரிமம் பெறத் தகுதியற்றவர்."

"உரிமம் மட்டும் போதுங்களாய்யா? இந்த மாதிரி ஆளுங்களை அரசு வேலையில கூட விடக் கூடாது இல்லீங்களா?"

"கரெக்டாச் சொன்னீங்க. 'அரசுப் பணியில் நீடிக்கவும் தகுதியற்றவர்.'"

"முழுப் பேரும் வீட்டு விலாசமும் எழுதிடுங்கய்யா. வாரியத்துல கேப்பாங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். கேக்கிறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பான் என்பார்கள். இங்கே சொல்கிறவனும் அவனே, நம்புகிறவனும் அவனே.

தங்கை தாளை வாங்கி என்னிடம் கொடுத்தாள். இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு அட்டையையும் அதன்மேல் வைத்தாள். "அண்ணே, ரெண்டையும் சேத்து நகல் எடு. மூணு."

மூலையில் இருந்த நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூடப் போகும்போதுதான் படித்தேன். சான்றில் ஐயாவின் முழுப் பெயர், வீட்டு நம்பர், தெரு. அட்டையில், அடித்துத் திருத்திய இடத்தில், அதே பெயர். அதே வீட்டு நம்பர். அதே தெரு. குற்றம்: இரவில் வீடு புகுந்து திருடியது, மூன்று முறை. படம் ஒட்டும் இடத்தில் 'பின்னர்' என்று எழுதியிருந்தது. கீழே, 'நேரில் கண்டு சரிபார்த்தேன்' என்று இரண்டு கையெழுத்து. இரண்டும் ஐயாவுடையது.

நான் சிரித்த சிரிப்பில் மின்விசிறிக்குக் கீழே தூங்கியவர் எழுந்தேவிட்டார்.

"என்ன சார் சிரிப்பு?" என்றார் ஐயா.

"ஐயா எப்போ புது வீட்டுக்குக் குடிபோனீங்க?" என்றாள் தங்கை.

"எட்டு மாசம் ஆச்சு. ஏன்?"

"அந்த வீட்டுல முன்னாடி ஒரு கிழவர் இருந்தாரு. செத்துட்டாரு. அவரு அட்டையை உங்க ஆபீஸ்ல மூடல." நகலை அவர் முன்னால் வைத்தாள். "குழாய் இணைப்பு உங்க பேர்லதானே இருக்கு?"

ஐயா படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். நிறம் மாறிக்கொண்டே வந்தது.

"நானூறு பேர்ல நீங்க உண்மையாவே நேர்ல பாத்த ஒரே ஆள் இவர்தாங்கய்யா," என்றேன். "தினமும் காலையில கண்ணாடியில பாக்குறீங்களே."

"டேய்!" என்று கத்தினார். என்னை அல்ல, கோந்துவை. கோந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தார். தன் ஐயாவுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னடா எழுதி வெச்சிருக்க?"

"எழுதினது நான்தாங்கய்யா," என்றார் கோந்து மெதுவாக. "பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

ஐயா பேனாவை எடுத்தார். பழக்கதோஷம்.

"திருத்துங்கய்யா," என்றாள் தங்கை. "மூணு நகல் என் அண்ணன்கிட்ட இருக்கு. பதிவேட்டுல பிழையே இல்லன்னா நீங்க மூணு தடவை வீடு புகுந்து திருடினவரு, அரசு வேலைக்குத் தகுதியில்லாதவரு. உங்க கையெழுத்துலயே இருக்கு. பிழை உண்டுன்னா அந்தப் பூட்டுக்காரரும் திருடன் இல்ல. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. மணி மூணு முப்பத்தஞ்சு."

அவர் அதிகம் யோசிக்கவில்லை. அச்சடித்த ஒரு படிவத்தை எடுத்து மளமளவென்று நிரப்பி அந்தம்மா பக்கம் தள்ளினார். "இந்தாம்மா. உன் புருஷன் பேரை எடுத்தாச்சு. கிளம்பு."

அந்தம்மா வாங்கினார். நான் அப்போதே வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் நகரவில்லை. நின்று ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"'பதிவு நீக்கப்பட்டது'ன்னு இருக்கு."

"ஆமா. அதானே கேட்டே?"

"நீக்கினோம்னா என்ன அர்த்தம்? அவரு திருடினாரு, நீங்க போனாப் போகுதுன்னு விட்டுட்டீங்கன்னு அர்த்தம்." படிவத்தைத் திருப்பி அவர் மேசைமேல் வைத்தார். "அவரு திருடவே இல்ல. அதை எழுதுங்க."

"அதுக்கெல்லாம் படிவம் கிடையாதும்மா."

"படிவம் இல்லன்னா கையால எழுதுங்க. மூணு மாசமா அந்த மனுஷன் வெளிச்சத்துக்கு வரல. ராத்திரி கதவுத் தாழ்ப்பாளைத் தொடவே கூச்சப்படுறாரு. பூட்டைத் தொட்டா திருடன்னு நெனப்பாங்களாம், சொந்த வீட்டுப் பூட்டைய்யா! எழுதுங்க."

ஐயா தங்கையைப் பார்த்தார்.

"உங்களுக்கு நீங்க எப்படி எழுதிக்குவீங்களோ, அதே வாசகம் அவருக்கும்," என்றாள் அவள். "மத்த முப்பத்தேழு பேருக்கும் அதேதான். அதுக்கு நாளைக்குக் காலையில வரேன்."

பன்னிரண்டு நிமிடம் எழுதினார். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் அவ்வளவு யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள். 'இவர் எக்காலத்திலும் எக்குற்றமும் செய்தவர் அல்லர். இவரை ஒருபோதும் நேரில் காணாமலே இவ்வலுவலகம் இவர் பெயரைத் தவறாகப் பதிவு செய்தது. பிழை முழுவதும் எங்களுடையது.' கீழே கையெழுத்து.

தங்கை அதை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினாள். நான்கு பத்துக்கு இறங்கி வந்தாள். உரிமம் பிழைத்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டு, டீ சாப்பிடப் போகலாமா என்றேன்.

அந்தம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார். அப்போதுதான் அழுதார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"சார், இதுல நகல் வேணும்."

"எத்தனைம்மா? ரெண்டு போதுமா?"

"எங்க தெருவுல அறுபத்திரெண்டு வீடு. எல்லாத்துலயும் ஐயாவோட முத்திரை இருக்கணும்."

ஐயா வாயைத் திறந்தார். தங்கை அவரைப் பார்த்தாள். அவர் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் இயந்திரத்தில் தாளை வைத்தேன். அந்தம்மா பக்கத்தில் வந்து நின்று எண்ணிக்கொண்டே இருந்தார். அறுபத்திரெண்டாவது தாள் வெளியே வந்ததும், "மூலை வீட்டுக்கு மட்டும் ரெண்டா குடுங்க சார்," என்றார். "எங்க பொண்ணு அவங்க பிள்ளையோட விளையாடப் போனப்போ, வாசல்லயே நிறுத்தி, அவ பையைத் தொறந்து பாத்து அனுப்பினாங்க."

இன்னொன்று எடுத்தேன்.